பள்ளி இசைக்குழுவுக்கு ஒரு பேஸ் கிளாரினெட்

எங்கள் பள்ளியின் காற்றிசைக் குழுவில் கிளாரினெட் வாசிக்கும் மாணவர்கள் பதினொரு பேர் இருந்தும், கீழ் ஸ்தாயி முழுவதையும் ஒரே ஒரு டியூபாதான் தாங்கிக்கொண்டிருந்தது. கிளாரினெட்டின் தாழ்ந்த ஒலி வடிவமான பேஸ் கிளாரினெட் ஒன்று வாங்க நிர்வாகம் இசைந்தபோது, ஒதுக்கிய தொகை தொழில்முறைக் கருவியின் விலைக்கு அருகில்கூட வரவில்லை. அதற்குள் அடங்கும் நல்ல கருவியைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதங்கள் பிடித்தன.

கருவி எதுவரை கீழே இறங்க வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்தேன். விலை உயர்ந்தவை, மேற்கத்திய ஸ்வரப் பெயரில் சொன்னால், தாழ்ந்த சி வரை இறங்கும். மாணவர் கருவிகள் அதற்குச் சற்று மேலே, ஈ ஃபிளாட்டுடன் நின்றுவிடும். கூடுதலான அந்த மூன்று ஸ்வரங்களுக்காகக் குழாய் நீள்கிறது, எடை கூடுகிறது, விலையும் வெகுவாக ஏறுகிறது. எங்களிடம் இருந்த இசைத்தாள்கள் அனைத்தையும் ஒரு மாலை முழுவதும் புரட்டிப் பார்த்ததில், ஈ ஃபிளாட்டுக்குக் கீழே ஒரு ஸ்வரம்கூட எழுதப்பட்டிருக்கவில்லை. மரமா, பிளாஸ்டிக்கா என்ற கேள்விக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை. ஈரமும் வெப்பமும் மாறும்போது மரம் விரிசல் விடக்கூடும், ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்கு அந்த அச்சம் இல்லை.

பெயர் தெரியாத ஒரு தயாரிப்பைப் புதிதாக, மிக மலிவாகக் கொடுக்க ஒரு விற்பனையாளர் முன்வந்தார். இரண்டு வாரச் சோதனைக்கு வாங்கிவந்தோம். துளைகளைத் திறந்து மூடும் அதன் கீகள், பார்வைக்குப் பளபளப்பாக இருந்தாலும், மென்மையான உலோகத்தால் ஆனவை. ஆறாம் நாளே ஒரு நீண்ட கீ வளைந்து, அதன் அடியில் மெத்தை போல் ஒட்டிய பேட் துளையை மூடாமல் நின்றது. பழுதுபார்ப்பவர், உதிரி பாகம் கிடைக்காது என்று அதைத் தொடவே மறுத்துவிட்டார். கருவியைத் திருப்பிக் கொடுத்த அன்றே, பழுதுபார்க்க ஆளும் பாகமும் இல்லாத கருவி எவ்வளவு மலிவானாலும் பள்ளிக்கு வேண்டாம் என்று தீர்மானித்தேன்.

அதன் பிறகு யமஹா 221 போன்ற, பள்ளிகளில் நெடுநாள் புழங்கிய பிளாஸ்டிக் மாதிரிகளைப் பழைய கருவிகளிடையே மட்டும் தேடினேன். கையில் கிடைத்த ஒவ்வொன்றையும் ஒரே முறையில் சோதித்தேன். மிகத் தாழ்ந்த ஈ ஃபிளாட்டிலிருந்து மெதுவாக ஒவ்வொரு ஸ்வரமாக ஏறி, விரல் அமைப்பு முழுதாக மாறும், நடு பி ஃபிளாட்டிலிருந்து பி நேச்சுரலுக்குத் தாண்டும் இடத்தில் பலமுறை நின்று வாசிப்பேன். எங்காவது ஒரு பேட்டில் காற்றுக் கசிந்தால், மென்மையாக ஊதும்போது தாழ்ந்த ஸ்வரம் நிலைக்காமல் மேலே கீச்சிடும். பழுதுபார்ப்பவரோ இருண்ட அறையில் மெல்லிய விளக்கொன்றைக் குழாய்க்குள் இறக்கி, மூடிய பேட்களின் ஓரத்தில் ஒளி தெரிகிறதா என்று பார்த்தார். என் காது தவறவிட்ட இரண்டு கசிவுகளை அந்த விளக்கு காட்டிக்கொடுத்தது. கீகளைப் பக்கவாட்டில் அசைத்துத் தேய்மானம் பார்க்கவும் அவரிடமே கற்றேன்.

இறுதியாகத் தேர்ந்த கருவிக்கு எல்லாப் பேட்களையும் மாற்ற வேண்டியிருந்தது. அந்தச் செலவைச் சேர்த்தும் ஒதுக்கீட்டில் மிச்சம் இருந்ததால், கூட வந்த விளிம்பு உடைந்த மவுத்பீஸுக்கு (வாயில் வைத்து ஊதும் முனை) பதிலாக செல்மர் சி ஸ்டார் ஒன்றை வாங்கினேன். ஒலியில் ஏற்பட்ட மாற்றம் கருவியையே மாற்றியது போல் இருந்தது. பணம் குறைவாக இருப்பவர்கள் இந்த ஒரு செலவை மட்டும் தள்ளிப்போட வேண்டாம் என்று மனமாரச் சொல்வேன். மவுத்பீஸில் பொருத்தும், ஊதும்போது அதிரும் மெல்லிய பட்டையான பேஸ் கிளாரினெட் ரீட் தீர்ந்துபோகும் நாட்களில் டெனர் சாக்ஸபோன் ரீட் கைகொடுக்கிறது.

தரையில் ஊன்றும் கம்பி இல்லாமல்தான் அந்தக் கருவி வந்தது. எடையை வலது கட்டைவிரலில் தாங்கிய மாணவிக்கு மற்ற விரல்கள் கீகளிலிருந்து நழுவின. கம்பி பொருத்திய மறுநாளே, அதுவரை அவளுக்கு வராதிருந்த தாழ்ந்த எஃப் தெளிவாக ஒலித்தது. இரண்டு துண்டுகளாகப் பிரியும் உடல் என்பதால், இணைக்கும்போது நடுவிலுள்ள இணைப்புக் கீகள் வளையாமல் உயர்த்திப் பிடிக்கும் முறையை அவளுக்கு முதல் வாரம் முழுவதும் நானே உடனிருந்து பழக்கினேன்.