நெற்றி கறுத்த உப்புக்கொத்தி

மும்பை சிவ்ரி துறைக்கு வருகிறவர்கள் பூநாரையைப் பார்க்கத்தான் வருகிறார்கள். என் வேலை அந்தப் பூநாரைகளின் காலடியில், நீர் வத்திய சேற்றில் நாலு எட்டு ஓடி, சட்டென்று நின்று, குனிந்து கொத்தும் சின்னப் பறவைகளை எண்ணுவது. தூத்துக்குடி உப்பளத்தில் அப்பா வேலை பார்த்தபோது பாத்தி வரப்பில் ஓடிய இந்த மாதிரிப் பறவை எல்லாமே எங்களுக்கு உப்புக்கொத்திதான். அதில் எத்தனை வகை என்பதை இங்கே வந்துதான் படித்தேன்.

சின்ன மணல் உப்புக்கொத்தி என்று நாங்கள் வருடக்கணக்காகக் குறித்துவந்த பறவைக்குப் பெயர் கராட்ரியஸ் மங்கோலஸ். 1776ல் பல்லாஸ் என்ற இயற்கையியலாளர் வைத்த பெயர். 2022ல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, அது ஒரே இனம் இல்லை என்று காட்டியது. கிழக்கு சைபீரியாவில் குஞ்சு பொரித்து ஆஸ்திரேலியா வரை போவது ஒன்று. திபெத், லடாக், பாமிர் மேட்டுநிலங்களில் பொரித்து, இமயத்தைத் தாண்டி நம் கடற்கரைக்கும் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கும் வருவது இன்னொன்று. இந்த இரண்டாவது பறவைக்கு நெருங்கிய உறவு, தன்னைப் போலவே இருக்கும் சைபீரியப் பறவை இல்லை, 'பெரிய மணல் உப்புக்கொத்தி' என்ற வேறொரு இனம்தான். அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சரி, நாம் இத்தனை நாள் எண்ணியது எதை?

மங்கோலஸ் என்ற பெயர் சைபீரியப் பறவைக்கே நின்றது. திபெத்துப் பறவைக்குப் பெயர் புதிதாகத் தேட வேண்டியிருக்கவில்லை. பறவையியலாளர் வாக்லர் 1829லேயே அட்ரிஃப்ரான்ஸ், அதாவது கருநெற்றி, என்று வைத்திருந்தார். இவ்வளவு காலம் அது துணையினப் பெயராகக் கிடந்தது. அப்புறம் பேரினமும், அதாவது பெயரின் முதல் பாதியும், மாறியது. மணல் உப்புக்கொத்திகளும் இன்னும் பல உப்புக்கொத்திகளும் அனாரிங்கஸ் என்ற பேரினத்துக்குப் போயின. அது நியூசிலாந்தில் அலகு வலப்பக்கம் வளைந்த ஒரு பறவைக்காக வைத்த பெயர். மும்பைச் சேற்றை மிதிக்காத பறவையின் பெயரை நம் பறவை சுமக்கிறதே என்று தோன்றும். உறவு அப்படி அமைந்துவிட்டால் முந்தி வைத்த பெயருக்குத்தான் உரிமை, அதுதான் விதி.

இந்த இடத்தில்தான் நான் தப்பு செய்தேன். அலுவலகத்தில் பழைய கணக்கெடுப்புகளைத் திருத்தச் சொன்னார்கள். நான் கராட்ரியஸ் என்று இருந்ததையெல்லாம் ஒரே தட்டில் அனாரிங்கஸ் என்றும், மங்கோலஸை அட்ரிஃப்ரான்ஸ் என்றும் மாற்றி, மாலைக்குள் முடித்துவிட்ட நிம்மதியில் ரயில் ஏறினேன். மறுநாள் மாட்டுங்காவிலிருந்து வரும் மூத்த அக்கா திரையைப் பார்த்துவிட்டு, "என்னடி இது, பட்டாணி உப்புக்கொத்தியும் வீடு மாறிடுச்சா?" என்றார். பட்டாணி உப்புக்கொத்தி அனாரிங்கஸுக்குப் போன கூட்டத்தில் இல்லை. பல நூறு வரிகளை மறுபடி கையால் திருத்தினேன்.

அக்கா அதோடு விடவில்லை. "மங்கோலஸ்னு இருந்ததை எதை வச்சு மாத்துன? போட்டோ இருக்கா?" என்று கேட்டார். பெரும்பாலும் இல்லை. குளிர்காலத்தில் இரண்டுமே மேலே மண்நிறம், கீழே வெள்ளை. தூரத்தில் ஓடும் கூட்டத்தில் பிரித்துச் சொல்ல முடியாது. இங்கே வருவது திபெத்துப் பறவைதான் என்று இடத்தை வைத்து ஊகிக்கலாம், ஆனால் ஊகத்தைப் பார்த்த மாதிரி எழுதினால், நாளைக்கு ஒரு சைபீரியப் பறவை வழிதவறி இங்கே வந்தாலும் அந்தக் கணக்கில் அதற்கு இடமே இருக்காது. கடைசியில் படம் உள்ள வரிகளை மட்டும் அட்ரிஃப்ரான்ஸ் ஆக்கி, மற்றதை 'இரண்டில் ஒன்று' என்று விட்டோம். குறைவாகச் சொல்லும் பெயர்தான், ஆனால் பார்த்தது அவ்வளவுதானே.

அதிலிருந்து ஏப்ரல் வந்தால் நான் சிவ்ரியை விடுவதில்லை. வடக்கே கிளம்புமுன் அவற்றுக்கு மார்பில் செம்பழுப்பு ஏறும், முகத்தில் கறுப்பு படியும். சைபீரியப் பறவைக்கு நெற்றியில் வெள்ளை தெரியும், இதற்கு நெற்றி முழுக்கக் கறுத்திருக்கும். போன ஏப்ரலில் நீர் ஏறிக்கொண்டிருந்தபோது கூட்டம் கரைப்பக்கம் ஒதுங்கியது, ஒன்று நேராக என்னைப் பார்த்துத் திரும்பி நின்றது. படம் எடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து முழுப்பெயரையும் எழுத்தெழுத்தாகப் பதிந்தேன்: அனாரிங்கஸ் அட்ரிஃப்ரான்ஸ், 1.