மூணு வெபரோட குடித்தனம்

கலிஃபோர்னியால என்னோட 1972 டாட்சன் 240இசட்ல மூணு வெபர் 40 டிசிஓஇ கார்புரேட்டர் (காத்தையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குக் குடுக்கறது, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வாய்) இருக்குன்னு தெரிஞ்சதும் யாரா இருந்தாலும் முதல்ல கேக்குறது மெயின் ஜெட் (பெட்ரோல அளந்து விடுற, ஓட்டை போட்ட குட்டி பித்தளை துண்டு) என்ன சைஸ், அடுத்தது சோக் (காத்து போற வழியில இருக்குற குறுகலான குழாய்) எத்தனை எம்எம். ஐடில் ஜெட் பத்தி ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. ஆனா ரேஸ் ட்ராக்ல இல்லாம ரோட்ல ஓட்டுறவங்களுக்கு அந்தக் குட்டி ஜெட்தான் எல்லாமே.

ஏன்னா சிக்னல்ல நிக்கறது, ட்ராஃபிக்ல ஊர்ந்து போறது, லேசா மிதிச்சுக்கிட்டு சீரா போறது, இது எல்லாத்துக்கும் பெட்ரோல் ஐடில் ஜெட் வழியாத்தான் வருது. த்ராட்டில் கொஞ்சம் திறந்தா அந்த தட்டுக்குப் பக்கத்துல இருக்குற ப்ரோக்ரெஷன் ஓட்டைங்க ஒண்ணொண்ணா வெளிப்படும், அதுக்கும் அதே ஜெட்தான் சப்ளை. சுமார் 2500, 3000 ஆர்பிஎம் போய் காத்து வேகம் பிடிச்சாத்தான் மெயின் சர்க்யூட் வேலைய எடுத்துக்கும். பவர் வேணும்னு பெரிய சோக்கா போட்டா கீழ காத்து வேகம் குறைஞ்சு மெயின் இன்னும் லேட்டா வரும், நடுவுல ஒரு ஃப்ளாட் ஸ்பாட், அதாவது மிதிச்சும் வண்டி இழுக்காத இடம், அப்புறம் வெபர்னாலே தலைவலின்னு கார்புரேட்டர் மேல பழி. 2393 சிசி ஸ்டாக் இன்ஜினுக்கு 30 எம்எம் சோக்கே தாராளம்ங்கறது என் கருத்து.

ஜெட் நம்பர்லயும் ஒரு குழப்பம் இருக்கு. 55எஃப்8ல 55ங்கறது 0.55 எம்எம் ஓட்டை, எஃப்8 காத்து போற பக்கம். இந்த எஃப் நம்பர் வரிசையா போகாது, எஃப்9 எஃப்8ஐ விட ரிச் (பெட்ரோல் அதிகம்), எஃப்11 லீன் (பெட்ரோல் கம்மி). நம்பர் ஏறுனா ரிச் ஆகும்னு நினைச்சு வாங்கினா காசுதான் வீண்.

0.55 எம்எம்னா எவ்வளவு சின்னதுன்னு யோசிச்சுப் பாருங்க, ஒரு தூசி போதும் அடைக்க. அடைச்சா ஐடில்ல வண்டி இருமும், கால எடுத்தா டப் டப்னு சத்தம் வரும், ஆனா 3000 தாண்டினா ஒண்ணுமே நடக்காத மாதிரி சுத்தமா இழுக்கும். உடனே இக்னிஷன பிரிக்காதீங்க. ஐடில்ல விட்டுட்டு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர ஹெடர் (சிலிண்டருக்கு ஒண்ணா வர்ற எக்ஸாஸ்ட்) குழாய் ஒவ்வொண்ணுலயும் காட்டுங்க, எது மத்ததவிட சூடு கம்மியோ அந்த சிலிண்டர். அந்த கார்புரேட்டர் மேல இருக்குற விங் நட்ட கழட்டி மூடிய எடுத்தா ஐடில் ஜெட் ஹோல்டர் தெரியும், ஸ்க்ரூட்ரைவரால கழட்டி வெளிச்சத்துல பிடிச்சா ஊசி முனை மாதிரி வெளிச்சம் முழு வட்டமா தெரியணும். தெரியலன்னா க்ளீனர் அடிச்சு காத்து விடுங்க. கம்பி மட்டும் விட்றாதீங்க, பித்தளை மென்மையானது, ஓட்டை பெருசாயிடும்.

ட்யூனிங்க பொறுத்தவரை வரிசை முக்கியம். வால்வ் க்ளியரன்ஸ், டைமிங் ரெண்டும் சரியா இருந்தாத்தான் கார்புரேட்டர தொடணும். அப்புறம் மூணையும் ஒண்ணா திறக்கற லிங்கேஜ கழட்டிட்டு, காத்து அளவ காட்டுற சின்க்ரோமீட்டர் வச்சு காத்த சமம் பண்ணி, திரும்ப மாட்டினதும் ஐடில்ல ஒரு தடவ, ஆர்பிஎம் ஏத்தி ஒரு தடவ செக் பண்ணணும், மாட்டும்போதே அது மாறும். மிக்ஸ்சர் ஸ்க்ரூ கடைசியிலதான்.

இந்த காருக்குன்னே ஒரு ஆபத்து இருக்கு. இதோட எல்24 இன்ஜின்ல இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், அதாவது மூணு கார்புரேட்டரும் கொதிக்கிற எக்ஸாஸ்ட் குழாய்ங்களுக்கு நேர் மேல உக்காந்திருக்கு. உள்ள வர்ற பெட்ரோல நிறுத்துற வெபர் நீடில் வால்வ் 3 பிஎஸ்ஐ அழுத்தம் பக்கம்தான் தாங்கும், எலக்ட்ரிக் பம்ப் அதுக்கு மேல குடுத்தா பெட்ரோல் நிக்கற ஃப்ளோட் சேம்பர் நிரம்பி வழியும், வழிஞ்சா எங்க சொட்டும்னு சொல்லவே வேணாம். ரெகுலேட்டர், ஹீட் ஷீல்டு, ஃபயர் எக்ஸ்டிங்குஷர் மூணும் கட்டாயம். இங்க பங்க்ல வர்ற பெட்ரோல்ல 10 சதவீதம் எத்தனால், பழைய ரப்பர் ஹோஸ் அதுக்கு தாங்காது, மாத்திடுங்க.

1972 வரைக்கும் இந்த கார்ல கம்பெனியிலேருந்தே வந்த ஹிட்டாச்சி எஸ்யூ டைப் ட்வின் கார்ப் ரொம்ப நல்லது, வேலையும் கம்மி, அத ஏன் கழட்டினீங்கன்னு கேட்டா, 4000க்கு மேல ஆறு வாயும் ஒண்ணா மூச்சிழுக்கிற அந்த சத்தம்தான் என் பதில். வாங்கறதா முடிவு பண்ணிட்டீங்கன்னா ஐடில் ஜெட் 50, 55, 60 மூணு சைஸும் ஆறு ஆறா வாங்கி வச்சுக்குங்க, மெயின் அப்புறம் பாத்துக்கலாம்.