கைரேகை விழாத கை

போன செவ்வாய்க்கிழமைதான் தலச்சேரியிலிருந்து திரும்பினேன். சர்க்கஸில் சிங்கங்களைப் பழக்கிய எங்கள் மாஸ்டரின் இறப்புச் சான்றிதழ் பெயர்ப் பிழை இல்லாமல் கையில் கிடைத்துவிட்டது. இந்த ஒரு தாளுக்காகக் கோயம்புத்தூரிலிருந்து மூன்று முறை ரயில் ஏறினேன். அவர் போய் நான்கு மாதம் ஆகிறது. அதற்கு முந்தைய எட்டு மாதமும் அவருடைய பென்ஷனுக்காக அலைந்தேன். அந்தக் களைப்பு இன்னும் தீரவில்லை. சர்க்கஸில் வாழ்ந்த பெரியவர்கள் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், அவர்களுடைய தகரப் பெட்டியை இன்றைக்கே திறந்து பாருங்கள். இதை எழுதுவதே அதற்காகத்தான்.

என் அப்பா ஒரு பெரிய சர்க்கஸில் எலக்ட்ரீஷியன். நான் நடை பழகியது தம்புவுக்குள்தான், அதாவது சர்க்கஸ் கூடாரத்துக்குள். அங்கே ரிங் மாஸ்டர்கள் நான்கு பேர் இருந்தாலும், 'மாஸ்டர்' என்று மொட்டையாகச் சொன்னால் அது அவர் ஒருவரைத்தான் குறிக்கும். தலச்சேரிப் பக்கத்துக்காரர். கீலேரி குஞ்ஞிக்கண்ணன் களரி என்ற பயிற்சிக்கூடம் வைத்து சர்க்கஸ் சொல்லிக்கொடுத்த மண். அந்த வழியில் வந்த ஒருவரிடம் பார் என்ற கம்பி வித்தைக்கும் ட்ரபீஸ் என்ற ஊஞ்சல் வித்தைக்கும் பழகப் போன பையன், தோள் இறங்கிப்போனதால் கூண்டு கழுவ அனுப்பப்பட்டான். பத்து வருஷம் கழித்து ஒரே வளையத்தில் பன்னிரண்டு சிங்கங்களோடு நின்றான். மற்ற கம்பெனிக்காரர்கள் டிக்கெட் வாங்கி வந்து அவர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் போவார்களாம். அவருடைய பெட்டி மூடியின் உள்பக்கத்தில் தாமு தோத்ரேயின் படம் ஒட்டியிருக்கும். புனேயில் பிறந்து, 1940-களில் அமெரிக்காவின் ரிங்லிங் பிரதர்ஸ் சர்க்கஸில் சிறுத்தைகளோடு வளையத்தில் நின்றவர். பத்திரிகையிலிருந்து வெட்டிய படம், மஞ்சளாகிப்போய் இருந்தது.

அப்பா அடிக்கடி சொல்லும் ஒரு கதை உண்டு. நாந்தேட்டில் இரண்டாவது ஷோ நடக்கும்போது கரன்ட் போய்விட்டது. ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. வளையத்துக்குள் பன்னிரண்டு சிங்கமும் மாஸ்டரும் இருட்டில். அப்பா கைநடுங்க ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து மாஸ்டரின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்ததாம். இடதுபக்க ஸ்டூலில் ஆரம்பித்து ஒவ்வொரு சிங்கத்தின் பெயரையும் சொல்லி, முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. விளக்கு எரிந்தபோது ஒன்றுகூட ஸ்டூலை விட்டு இறங்கியிருக்கவில்லை. அந்த ராத்திரியிலிருந்து அப்பாவுக்கு அவர் அண்ணன். எனக்குப் பெரியப்பா மாதிரி. ஆனால் நாங்கள் எல்லோரும் கூப்பிட்டது மாஸ்டர் என்றுதான்.

மனைவி முன்பே போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. தங்கை மகன் வளைகுடாவில். அப்பாவுக்கு முழங்கால் வலி, பயணம் முடியாது. அதனால் நான் போனேன்.

முதல் சிக்கல் முதியோர் பென்ஷன். அப்போது மாதம் 1,600 ரூபாய். கூட்டுறவு வங்கி ஆள் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார், அதில் குறையே இல்லை. ஆனால் கேரளாவில் பென்ஷன் வாங்குபவர்கள் உயிரோடு இருப்பதை மஸ்டரிங் என்று கைரேகை வைத்து உறுதி செய்ய வேண்டும். மாஸ்டருக்கு வலது கையில் இரண்டு விரல் பாதிதான். இடது உள்ளங்கை முழுக்கத் தழும்பு. மிச்ச விரல்களும் வயதில் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டன. மஸ்டரிங் செய்யும் சென்டரில் மெஷினில் எட்டு விரலையும் மாற்றி மாற்றி வைத்தார்கள். விழவில்லை. "கையை நன்றாகத் துடைத்துவிட்டு நாளைக்கு வாருங்கள்" என்று அனுப்பினார்கள். ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய், மூச்சிரைப்போடு. மறுநாளும் விழவில்லை. மூன்றாம் நாள் அங்கிருந்த பையன் "ஆளையே மாற்றிக் கூட்டிவந்தால் எப்படி விழும்?" என்று கேட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மூன்று மாதம் பணம் நின்றது. அப்புறம்தான் தெரிந்தது: கைரேகை விழாதவர்களுக்குக் கண்ணை வைத்துப் பார்க்கும் கருவி உண்டு, எல்லா சென்டரிலும் இருக்காது, போன் செய்து கேட்டுவிட்டுப் போக வேண்டும். அதுவும் சரிப்படாவிட்டால் பஞ்சாயத்தில் லைஃப் சர்ட்டிஃபிகேட் கொடுக்கலாம். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து செய்ய வேண்டும் என்பதும் விதி. இதில் ஒன்றைக்கூட அந்தப் பையன் சொல்லவில்லை. சொன்னவர் தீராத நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்த பாலியேட்டிவ் நர்ஸ். அந்தம்மாவின் வேலையைப் பற்றி எழுத எனக்கு ஒரு புகாரும் இல்லை. சொன்ன நாளில் வந்தார், செய்ய வேண்டியதைச் செய்தார்.

இரண்டாவது, பெரிய சிக்கல். வயதான சர்க்கஸ் கலைஞர்களுக்குக் கேரள அரசு தனியாகப் பென்ஷன் கொடுக்கிறது. மாஸ்டர் அதற்கு விண்ணப்பித்ததே இல்லை. "என்னிடம் என்ன பேப்பர் இருக்கிறது மோளே (மகளே)?" என்றார். ஆபீஸில் கேட்டதும் அதைத்தான்: சர்க்கஸில் வேலை பார்த்ததற்கு ஆதாரம். அவர் இருந்த கம்பெனி கைமாறி, பெயர் மட்டும் மிச்சம். சேலத்தில் முகாம் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு கடிதம் வாங்கலாம் என்று போனேன். இரண்டு மணிநேரம் டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் நிற்கவைத்தார்கள். மேனேஜர் வந்து, பழைய ரிஜிஸ்டர்கள் எல்லாம் மழையில் நனைந்து போய்விட்டன, அந்தப் பெயரில் ஆள் இருந்ததே எனக்குத் தெரியாது என்றார். அவர் தலைக்கு மேலே சிங்கம் வரைந்த பழைய போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நாள் முழுக்க வீண். நேரில் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். போவதற்கு முன் போனில் பேசி, கடிதம் தருவோம் என்று ஒப்புக்கொண்ட பிறகு போங்கள்.

பெயரும் ஒரு தலைவலி. ஆதாரில் வீட்டுப்பெயரின் முதலெழுத்தோடு ஒரு பெயர், பிறந்த தேதி ஜனவரி 1. சர்க்கஸ் நோட்டீஸ்களில் வளையத்துக்காக வைத்த பெயர். ஊரில் கூப்பிடுவது மூன்றாவது. நோட்டீஸ்களைக் காட்டினால் "இது இவர்தான் என்று எப்படி நம்புவது?" என்று கிளார்க் கேட்டார். கேள்வியில் தப்பில்லை. ஆனால் எதைக் கொண்டுவந்தால் நம்புவீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போய்விட்டார்.

விடை தகரப் பெட்டியின் அடியில் இருந்தது. சாட்டை, ஜரிகை வைத்த ஒரு கோட்டு, அதற்கும் கீழே பிளாஸ்டிக் பைக்குள் பழைய பாஸ்போர்ட். வெளிநாட்டு முகாமுக்குப் போனபோது எடுத்தது. அந்தக் காலத்துப் பாஸ்போர்ட்டில் தொழில் என்று ஒரு வரி உண்டு, கையால் எழுதுவார்கள். அதில் சர்க்கஸ் கலைஞர் என்று இருந்தது. பெயர் ஆதாரில் உள்ள பெயர். போட்டோவில் மீசையோடு மாஸ்டர். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டம்மா ஓடி வந்துவிட்டார். அரசாங்கமே எழுதிக்கொடுத்த ஆதாரம் நாற்பது வருஷமாகக் கோட்டுக்கு அடியில் கிடந்திருக்கிறது!

கூடவே இன்னொரு தாளும் இருந்தது. சிங்கங்களை ஒப்படைத்த அன்று எழுதிய பட்டியலின் நகல். அடியில் மாஸ்டரின் கையெழுத்து.

அந்தத் தாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கரடி, குரங்கு, புலி, சிறுத்தை ஆகியவற்றை வித்தை காட்டப் பழக்கக் கூடாது என்று மத்திய அரசு முதலில் 1991-ல் அறிவித்தது, வழக்குகளுக்குப் பிறகு 1998 அக்டோபரில் சிங்கத்தையும் சேர்த்து மறுபடி அறிவித்தது. சர்க்கஸ்காரர்கள் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போய் 2000-ல் தோற்றார்கள். 2001 மே மாதம் உச்ச நீதிமன்றமும் தடையை உறுதி செய்தது. சிங்கங்களும் புலிகளும் வண்டலூர், திருப்பதி, விசாகப்பட்டினம், பன்னேர்கட்டா என்று மீட்பு மையங்களுக்குப் போயின. அந்தத் தடை சரி என்றுதான் நான் நினைக்கிறேன். லாரியிலேயே வாழ்நாளைக் கழித்த மிருகங்களைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். மாஸ்டரும் எதிர்த்துப் பேசியதில்லை. "அந்தக் கூண்டில் அதற்குத் திரும்பக்கூட இடம் இல்லை, எனக்குத் தெரியாதா?" என்பார். ஆனால் மிருகங்கள் எங்கே போகும் என்று யோசித்த அளவுக்கு, அவற்றோடு முப்பது வருஷம் இருந்த மனிதர் எங்கே போவார் என்று யாராவது யோசித்தார்களா? அவர் ஒரு பெட்டியோடு ஊருக்கு பஸ் ஏறினார்.

மூன்று வருஷம் கழித்து அப்பாவும் அவரும் ஒரு மீட்பு மையத்துக்குப் போனார்கள். அங்கே பொதுமக்களை விட மாட்டார்கள் என்று இருவருக்கும் தெரியாது. கேட்டில் இருந்தவர் எழுத்தில் அனுமதி கேட்டார், இல்லை, திருப்பி அனுப்பிவிட்டார். வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது உள்ளே ஒரு கர்ஜனை கேட்டது. மாஸ்டர் தலையைத் திருப்பாமல் "சுல்தான்" என்றாராம். அப்புறம் அவர் அங்கே போகவே இல்லை.

சரி, பென்ஷனுக்கு வருகிறேன். பாஸ்போர்ட்டின் நகல், ஒப்படைப்புப் பட்டியலின் நகல், மூன்று பெயரும் ஒரே ஆளைக் குறிக்கும் என்று நோட்டரியிடம் வாங்கிய பத்திரம், அவரோடு வேலை பார்த்த இரண்டு பழைய கலைஞர்களின் கடிதம். இத்தனையையும் ஒரே ஃபைலாகக் கட்டிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை போட்ட ரசீது கேட்டேன். தர மாட்டேன் என்றார்கள். ரசீது வாங்காமல் நான் நகரவில்லை. முதலில் கொடுத்த விண்ணப்பம் 'வந்து சேரவில்லை' என்று தொலைந்த அனுபவத்தில் கற்றது அது. எந்த ஆபீஸிலும் அசலைக் கொடுக்காதீர்கள், காட்டிவிட்டுக் கையோடு வாங்கிவிடுங்கள்.

நான்கு மாதத்தில் பென்ஷன் பாஸானது. முதல் பணம் வந்தபோது மாஸ்டருக்கு ஆக்ஸிஜன் இல்லாமல் தூங்க முடியாத நிலை. என்ன வாங்கட்டும் என்று கேட்டேன். ஒரு டஜன் சந்தன சோப்பு என்றார். சிங்கங்களோடு இருந்த காலம் முழுக்க ஒரே சோப்பு, ஒரே தேங்காயெண்ணெய்தான். வாசனை மாறினால் அதுகளுக்கு ஆள் மாறிப்போகும் என்பார். பணத்துக்குக் கஷ்டம் வந்ததும் எதோ மலிவான சோப்புக்கு மாறியிருக்கிறார், அதைக்கூட என்னிடம் சொல்லவில்லை. அந்த டஜனில் இரண்டுதான் தீர்ந்தது.

கடைசி வாரம் ராத்திரிகளில் அவர் பேசிக்கொண்டே இருந்தார். முதலில் பிதற்றல் என்று நினைத்தேன். காதைக் கொடுத்துக் கேட்டால் பெயர்கள். சுல்தான், ராணி, ஷேரா, மோத்தி... இடதுபக்க ஸ்டூலிலிருந்து ஆரம்பித்து, முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. கையில் கிடைத்த பென்ஷன் ரசீதின் பின்பக்கத்தில் அவற்றை எழுதிக்கொண்டேன். வியாழக்கிழமை விடிகாலை நான்கு மணிக்கு நின்றது.

இறப்பைப் பதிவு செய்வது எளிது என்று நினைத்தேன். வீட்டில் இறந்தால் 21 நாளுக்குள் அந்த ஊர்ப் பஞ்சாயத்தில் தகவல் கொடுத்தால் கட்டணம் கிடையாது. கொடுத்தேன். சான்றிதழ் வந்தபோது ஊர் கூப்பிடும் பெயர் அதில் இருந்தது. துக்க வீட்டில் யாரோ வாயால் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார்கள். நான் ரத்த உறவு இல்லை என்பதால் திருத்தம் கேட்கவும் முடியாது என்றார்கள். வளைகுடாவிலிருந்து தங்கை மகனின் கடிதம், வார்டு மெம்பர் கையெழுத்து, மறுபடி நோட்டரி. இரண்டாம் முறை போன அன்று கையெழுத்துப் போட வேண்டியவர் லீவு. ஒரு வார்த்தை போனில் சொல்லியிருந்தால் அந்தப் பயணம் மிச்சமாகியிருக்கும். பதிவு செய்யும்போதே ஆதாரைக் கையில் கொடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றிய பெயரைத் திரையில் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். அவ்வளவு செய்திருந்தால் இந்த நான்கு மாத அலைச்சல் எனக்கு இல்லை.

வங்கிக் கணக்கு இன்னும் பாக்கி. நாமினி போடவில்லை, அதனால் அடுத்த மாதம் மறுபடி தலச்சேரி. போகும்போது கண்ணூருக்கும் போக வேண்டும். அவரோடு இருந்த பார் கலைஞர் ஒருவர் அங்கே மகள் வீட்டில் இருக்கிறார். ரசீதின் பின்னால் நான் எழுதியதில் பதினொரு பெயர்தான் இருக்கிறது. அப்பாவுக்கும் மிச்சப் பெயர் ஞாபகம் வரவில்லை. அந்தப் பார் கலைஞரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.