யாருடைய கடனை யார் தள்ளுபடி செய்வது?

மரணப் படுக்கையில் இருப்பவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதில் மருத்துவமனை ஊழியத்தில் இருக்கும் குருவானவர்களான எங்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. எந்தச் சங்கீதத்தை வாசிப்பது, கையைப் பிடித்துக்கொண்டு ஜெபிப்பதா, தலையில் கைவைத்து ஜெபிப்பதா என்பதெல்லாம் அவரவர் பழக்கம். தேவன் மன்னிக்கிறவர் என்பதைச் சொல்லாமல் அந்தக் கட்டிலை விட்டுத் திரும்பக் கூடாது என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்றுதான். நானும் அப்படித்தான் அந்தப் பெரியவருக்குச் சொன்னேன். சிறுநீரகங்கள் செயலிழந்து, இனி டயாலிசிஸ் வேண்டாம் என்று குடும்பத்தார் எழுதிக் கொடுத்திருந்த இரவு அது. மனைவியைத் திரைக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவர் பேசியதைக் கேட்டேன். ஆக்சிஜன் மாஸ்க்கை ஒரு கையால் தூக்கிப் பிடித்து நாலைந்து வார்த்தை பேசுவார். பிறகு அதை மறுபடி பொருத்திக்கொண்டு மூச்சு வாங்குவார். அவர் என்ன பேசினார் என்பதை இங்கும் எழுதப் போவதில்லை. பாவமன்னிப்பின் வார்த்தைகளைக் கூறி, திருவிருந்தாக அப்பத்தின் சிறு துணுக்கைத் திராட்சரசத்தில் தோய்த்து நாவில் வைத்தேன். மறுநாள் காலமானார்.

அடக்கம் முடிந்த சில நாட்களில் அவருடைய தம்பி என் அறைக்கு வந்தார். தாம் வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில் அண்ணனுக்குப் பவர் எழுதிக் கொடுத்ததாகவும், அந்தப் பவரை வைத்தே அண்ணன் கிணற்றோடு கூடிய தம்முடைய நிலத்தைத் தன் மனைவி பெயருக்குக் கிரயம் செய்து பட்டாவையும் மாற்றிவிட்டதாகவும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. வில்லங்கச் சான்றின் நகலை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அதை எடுத்து மேசைமேல் வைத்தாரே தவிர, பிரித்துக் காட்டவில்லை.

“எல்லாத்தையும் ஐயர்கிட்ட சொல்லிட்டு நிம்மதியாப் போனாருன்னு மதினி சொல்றாங்க. நிலத்தைப் பத்திச் சொன்னாரா ஐயா? ஆமா, இல்லை, ரெண்டில் ஒண்ணு சொன்னாப் போதும்.”

“அண்ணாச்சி, அவங்க எங்கிட்ட பேசினதை நான் வெளியே சொல்லக் கூடாது.”

“நான் கோர்ட்டுக்குப் போக மாட்டேன். தம்பிக்குத் துரோகம் பண்ணிட்டேன்னு அவரு வாயால சொன்னாருன்னு மட்டும் நீங்க சொல்லுங்க, எனக்கு அந்த நிலமே வேண்டாம்.”

நான் பேசாமல் இருந்தேன். அவர் சற்று நேரம் காத்திருந்துவிட்டு, “என்னைக் கேக்காம நீங்க எப்படி மன்னிச்சீங்க?” என்றார். மன்னித்தது நானல்ல, ஆண்டவர் என்றேன். “அப்போ ஆண்டவராவது என்னைக் கேட்டிருக்கலாம்” என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

வாசலில் நின்று அவர் சொன்ன இன்னொன்றுதான் கேள்வியைவிட அதிகமாக என்னைக் குடைகிறது. மனத்தாங்கலோடு திருவிருந்தில் பங்கெடுக்கக் கூடாது என்று கற்பிக்கப்பட்டவர் அவர். ஆகவே ஒவ்வொரு திருவிருந்து ஆராதனையிலும் காணிக்கைப் பாட்டு முடிந்ததும் எழுந்து வெளியே போய், வேப்பமரத்தடியில் நின்றுவிடுவாராம். பறித்தவர் பந்தியில் அமர்ந்து விடைபெற்றார். பறிகொடுத்தவர் மரத்தடியில் நிற்கிறார்.

நான் மறுத்தது சரிதான் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. எங்கள் சபையில் கத்தோலிக்கரைப் போலத் தனிப் பாவ அறிக்கை வழக்கமாக நடப்பதில்லை என்றாலும், சாகக் கிடக்கிறவர் குருவானவரிடம் சொன்னது அந்தக் கட்டிலோடு நின்றுவிட வேண்டும். “ஆமாம்” என்று தம்பிக்கு இரக்கப்பட்டுச் சொல்லிவிட்டால், அடுத்த நோயாளி என்னிடம் எதைச் சொல்வார்? “இல்லை” என்று சொன்னாலும் அதே மீறல்தான். ஆனால் இந்த நியாயம் எல்லாம் என் மௌனத்துக்குத்தான் பொருந்துகிறது. பெரியவரின் கட்டிலருகே அந்த இரவில் நான் சொன்ன வார்த்தைகளுக்குப் பொருந்தவில்லை.

1662-ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் வியாதியஸ்தரைச் சந்திப்பதற்கென்று ஒரு முறைமை உண்டு. நோயாளி உண்மையாக மனந்திரும்பியிருக்கிறாரா, எல்லோரோடும் அன்பாயிருக்கிறாரா என்று குருவானவர் விசாரிக்க வேண்டும். தமக்குத் தீங்கு செய்தவர்களை மன்னிக்கவும், தாம் புண்படுத்தியவர்களிடம் மன்னிப்புக் கேட்கவும், யாருக்காவது அநியாயம் செய்திருந்தால் இயன்றவரை அதை ஈடுசெய்யவும் புத்தி சொல்ல வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. உயில் எழுதவில்லையென்றால் எழுதும்படியும், கடன்களை அறிவிக்கும்படியும் நினைப்பூட்டச் சொல்கிறது. இதையெல்லாம் ஜனங்கள் சுகமாயிருக்கும்போதே செய்து முடிக்க அடிக்கடி ஞாபகப்படுத்துங்கள் என்றும் சேர்த்திருக்கிறது. அந்தப் புத்தகத்தைத் தொகுத்தவர்களுக்கு மனுஷரைத் தெரிந்திருக்கிறது. நாங்கள் வார்டில் சொல்வது சுருக்கமான ஜெபம். இந்த விசாரணை எதுவும் அதில் இல்லை. மாஸ்க்கைத் தூக்கவே தெம்பில்லாதவரிடம் பட்டாவைப் பற்றி விசாரிப்பதா? நிலம் மனைவி பெயரில் இருக்கும்போது, நடு இரவில், அவர்தான் எதைத் திருப்பி எழுதிக் கொடுத்திருக்க முடியும்?

வேதம் எனக்கு ஆதரவாகவும் பேசுகிறது. லூக்கா சுவிசேஷத்தில் இயேசுவோடு சிலுவையில் தொங்கிய கள்ளன் யாருக்கும் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை, பரதீசு கிடைத்தது. அதே லூக்காவில் வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று சொன்ன பிறகுதான் இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்ற வார்த்தை வருகிறது. கள்ளனுக்குக் கைகள் கட்டப்பட்டிருந்தன, சகேயுவுக்கு நேரம் இருந்தது என்று நான் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு. பெரியவருக்கு எது இருந்தது? நாவு இருந்தது. மனைவியின் கைப்பையில் செல்போனும் இருந்தது.

திமிர்வாதக்காரனின் பாவங்களை இயேசு மன்னித்தபோது வேதபாரகர்கள், தேவன் ஒருவரைத் தவிர இதைச் செய்யத்தக்கவர் யார் என்று தங்களுக்குள்ளே நினைத்தார்கள். தேவனுக்குரியதை மனுஷன் மன்னிக்கலாமா என்பது அவர்கள் கேள்வி. அண்ணாச்சி கேட்டதோ, மனுஷனுக்குரியதைத் தேவன் மன்னிக்கலாமா என்பது. முன்னதற்கு இறையியல் கல்லூரியில் பக்கம் பக்கமாகப் பதில் எழுதியிருக்கிறேன். பதினாயிரம் தாலந்து கடனைத் தள்ளுபடி செய்த ராஜாவின் உவமையைப் பின்னதற்குப் பதிலாகக் கொண்டுவர நினைத்தால், அந்த ராஜா விட்டுக்கொடுத்தது தன் சொந்தப் பணத்தை என்பது இடிக்கிறது. சகோதரனுக்குச் செய்த துரோகம் தேவனுக்கும் விரோதமானது, தேவன் தம் பங்கை மன்னிக்கிறார், சகோதரனின் பங்கு நிலுவையில் நிற்கிறது என்று பிரித்துச் சொல்லலாம். தெளிவான பதில்தான். ஆனால் அந்த இரவில் நான் பிரித்துச் சொல்லவில்லையே; உம்முடைய பாவங்கள் எல்லாவற்றையும் என்றுதான் சொன்னேன்.

அன்று அண்ணாச்சியிடம் கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மையாரைப் பற்றிச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கணவரையும் இரண்டு மகன்களையும் ஜீப்போடு எரித்தவர்களை மன்னித்தேன் என்று அறிவித்து, பாரிபதாவில் தொழுநோயாளர் பணியைத் தொடர்ந்தவர் அவர். பிரசங்கங்களில் நாங்கள் அதிகம் எடுத்தாளும் உதாரணமும் அதுதான். நல்லவேளையாக வாயை மூடிக்கொண்டேன். அந்த அம்மையார் மன்னித்தது தமக்கு நேர்ந்ததை. அவர் சார்பில் எந்தக் குருவானவரும் முந்திக்கொண்டு மன்னிக்கவில்லை. வழக்கும் தன் வழியே போயிற்று: 2003-இல் விசாரணை நீதிமன்றம் முக்கியக் குற்றவாளி தாரா சிங்குக்கு மரண தண்டனை விதித்தது, 2005-இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது, 2011-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அண்ணாச்சிக்குத் தண்டனையும் வேண்டாம், நிலமும் வேண்டாம்; தமக்குச் செய்யப்பட்டது துரோகம் என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் இடத்தில் இருந்த ஒரே ஆள் நான்.

அதற்குப் பின் சில மாதங்கள், யாருக்காவது எதையாவது திருப்பிக் கொடுக்கவோ சொல்லவோ வேண்டியிருக்கிறதா என்று நோயாளிகளிடம் கேட்கத் தொடங்கினேன். புற்றுநோய் முற்றிய ஒரு பாட்டி தம் கடைசி இரவு முழுவதும் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வந்த பித்தளைக் குத்துப்போணியையும், சீட்டுப் பணத்தில் விட்டுப்போன தவணைகளையும் சொல்லிச் சொல்லி அழுதார். அவருடைய மகன் காலையில் வார்டு சிஸ்டரிடம், “ஜெபம் பண்ணத்தானே கூப்பிட்டோம்” என்று சண்டையிட்டிருக்கிறார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. அந்தப் பாட்டிக்குத் தேவையாயிருந்தது தூக்கம்.

ஆகவே இப்போது சிலரிடம் கேட்கிறேன், சிலரிடம் கேட்பதில்லை. நோயாளிக்கு எவ்வளவு மூச்சு இருக்கிறது என்பதைப் பார்த்து முடிவு செய்கிறேன் என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். கட்டிலருகே மகன் நிற்கிறாரா என்பதையும் பார்க்கிறேன். அதை டாக்டரிடம் சொல்லவில்லை.