தங்கைக்கு அருவாமனை அனுப்பினோம்

தங்கை புனேயில் குடித்தனம் வைத்து ஐந்து மாதம் ஆகிறது. மராட்டிய வீடுகளிலும் அருவாமனை உண்டு, அங்கே 'விளி' என்பார்கள், கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். ஆனாலும் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பெண்களுக்குக் கொடுக்கும் பாத்திரச் சீரில் திருப்பாச்சேத்தி இரும்பில் செய்த அருவாமனை ஒன்று கட்டாயம் இருக்கும். என் கல்யாணத்துக்கு வந்தது இன்னும் என் அடுப்படியில் கிடக்கிறது. தங்கை கல்யாணத்தின்போது பட்டறைக்காரருக்கு உடம்பு சரியில்லை, செய்து வாங்க முடியாமல் போய்விட்டது.

போன மாதம் நானும் அப்பாவும் மதுரையிலிருந்து மானாமதுரை பஸ்ஸில் ஏறி, திருப்பாச்சேத்தியில் இறங்கி வாங்கி வந்தோம். லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்த அலகு, நுனியில் தேங்காய் துருவ வட்டமான பல், கீழே வேப்பமரப் பலகை. எடை இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே.

சரி, இதை எப்படி அனுப்புவது? தங்கை பொங்கலுக்கு வரும்போது எடுத்துப் போகலாம் என்றால், அவள் விமானத்தில் கைப்பையோடு மட்டும் வந்து போகிறவள். கத்தி, அரிவாள் எதையும் பயணி கூடவே உள்ளே கொண்டுபோக முடியாது, தனியாக ஏற்றிவிடும் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். பக்கத்துத் தெரு கூரியர் கடையில் கேட்டேன். "கத்தி மாதிரி எதுவும் எடுக்க மாட்டோம்மா" என்று சொல்லிவிட்டார்கள். அது அவர்கள் வைத்துக்கொண்ட விதி. ஆனால் அங்கே நின்றிருந்த இன்னொருவர், "அதெல்லாம் சட்டப்படி குற்றம்மா, போலீஸ் கேஸ் ஆகிடும்" என்று சொன்னதும் பயந்துபோய்தான் வீட்டுக்கு வந்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். அப்பா ரயில்வே தபாலில் முப்பத்தைந்து வருஷம் சார்ட்டிங் வேலை பார்த்தவர். ராத்திரி ரயிலில் தபால் பெட்டியில் நின்றுகொண்டே, அரக்கு முத்திரை போட்ட பைகளைப் பிரித்து ஊர் வாரியாகப் போடுவார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. இடது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டு வரை ஒரு கோடு. சின்ன வயசிலிருந்து பார்த்த தழும்புதான், எப்படி வந்தது என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

1983 என்று நினைவு சொன்னார். யாரோ புது அரிவாள் ஒன்றைச் செய்தித்தாளில் மட்டும் சுற்றி, துணியில் வைத்துத் தைத்து அனுப்பியிருக்கிறார்கள். ஓடுகிற ரயிலில் பையோடு பை மோதி, தாளும் துணியும் கிழிந்து முனை வெளியே வந்துவிட்டது. மங்கலான விளக்கில் பைக்குள் கையை விட்டார். அடுத்த பெரிய ஸ்டேஷன் வர ஒன்றரை மணி நேரம். துண்டைச் சுற்றிக்கொண்டு வலது கையால் மிச்சத் தபாலைப் பிரித்திருக்கிறார். ஏழு தையல். அனுப்பியவருக்கு இது தெரிந்தே இருக்காது, பார்சல் போய்ச் சேர்ந்திருக்கும்.

பயிற்சியில் மனப்பாடம் செய்த பிரிவு ஒன்றை அப்புறம் சொன்னார். 1898ஆம் வருஷத்து இந்திய அஞ்சலகச் சட்டம், 19ஆவது பிரிவு. வெடிபொருள், ஆபத்தான பொருள், அழுகல், நஞ்சு என்று தபாலில் அனுப்பக் கூடாதவற்றை அடுக்கிக்கொண்டே வரும்போது, நடுவில் ஒரு வரி: தக்க பாதுகாப்பு செய்யப்படாத கூர்மையான கருவி. கத்தியே அனுப்பக் கூடாது என்று எழுதவில்லை. மூடாத கத்தியை அனுப்பக் கூடாது என்றுதான் எழுதியிருக்கிறார்கள். தபால்காரர்களுக்குக் காயம் ஏற்படுத்தக்கூடிய உயிரினமும் அதே பிரிவில் வருகிறது. அந்தப் பழைய சட்டம் இப்போது இல்லை. 2023இல் நிறைவேறிய புதிய அஞ்சலகச் சட்டம் 2024 ஜூன் 18 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் பைக்குள் போகிற கை இன்றைக்கும் கைதானே என்றார் அப்பா.

போலீஸ் கேஸ் பயத்துக்கும் பதில் இருந்தது. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலேயே, வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டும் என்று செய்த பொருள்களை விலக்கிவிட்டார்கள். அதன் விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் வாள், ஈட்டியோடு சேர்த்து வருகின்றன. அங்கேயும் வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கான கருவிகளுக்கு விலக்கு உண்டு. பட்டறையில் எங்கள் அருவாமனைக்குப் பக்கத்திலேயே கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்ட ஆளுயர அரிவாள் ஒன்று சாய்த்து வைத்திருந்தது. இரண்டும் ஒரே உலையில் காய்ந்த இரும்பு. ஆனால் அந்தப் பெரியதைத் தபாலில் அனுப்பு என்று யார் கேட்டாலும் நான் துணிய மாட்டேன், நேரில் கொண்டுபோகச் சொல்வேன்.

லண்டனில் இருக்கும் சித்தி மகனுக்கும் ஒன்று அனுப்பலாமே என்றாள் அம்மா. பிரிட்டனில் 2022 ஏப்ரலிலிருந்து, இணையத்தில் கத்தி விற்கிறவர்கள் வீட்டுக்கு அனுப்பினால் வாங்குகிறவர் வயதைச் சரிபார்த்துத்தான் கையில் கொடுக்க வேண்டும். அங்கே இதில் அவ்வளவு கண்டிப்பு. அவனே அங்கே வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்.

பொட்டலத்தை அப்பாவே கட்டினார், யாரையும் தொடவிடவில்லை. பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் கீறி அலகு முழுக்க மாட்டி, சணலால் இறுக்கிச் சுற்றினார். துருவல் பல்லுக்கு ரப்பர் செருப்பிலிருந்து வட்டமாக வெட்டிய இரண்டு துண்டுகளை நடுவில் பல் வருகிற மாதிரி வைத்துக் கட்டினார். அதன் மேல் அட்டை, நான்கு மடிப்பு. பெட்டிக்குள் வைத்ததும் இரண்டு கையாலும் தூக்கிக் காதருகே வைத்துக் குலுக்கினார். லேசாக 'டக்' என்றது. எல்லாவற்றையும் பிரித்து, காலியாகத் தெரிந்த இடத்தில் பழைய துணியை அடைத்து மறுபடியும் கட்டினார். மூன்றாவது தடவை சத்தமே இல்லை. விலாசத்தை வெளியே ஒன்று, பெட்டி கிழிந்தாலும் தெரியட்டும் என்று உள்ளே ஒன்று. மேலே 'கூர்மையான பொருள்' என்று தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் சிவப்பு எழுத்து.

தபால் ஆபீசுக்குப் பெட்டியை டேப் ஒட்டாமல்தான் கொண்டுபோனோம். உள்ளே என்ன என்று கவுண்டரில் கேட்டதும், "அருவாமனைம்மா, பாத்துக்கங்க" என்று அப்பா பெட்டியைத் திறந்து காட்டினார். பாத்திரம் என்று பொய் சொல்லி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்தால்தான் தூக்குகிறவர் அதற்கேற்ற மாதிரி தூக்குவார். அந்தப் பெண் ட்யூபை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "யார் சார் கட்டுனது?" என்று கேட்டார். அப்பா பதில் சொல்லாமல் டேப்பை எடுத்து ஒட்ட ஆரம்பித்தார்.

ஸ்பீட் போஸ்டில் நாலாவது நாள் போய்ச் சேர்ந்தது. தங்கை வீடியோவில் கூப்பிட்டாள். மாப்பிள்ளை பெட்டியிலிருந்து எடுத்து நீட்டப் போனதும் அம்மா பதறி, "கையில கொடுக்காதீங்க மாப்ள, கீழ வைங்க, அவ எடுத்துக்குவா" என்றாள். கத்தி, அரிவாளைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவரும் தரையில் வைத்தார்.

அப்பா போனை வாங்கிக்கொண்டார். "கட்டு நகர்ந்திருக்கா பாரு."

"இல்லப்பா, அப்படியே இருக்கு."

"அந்த முனைகிட்ட காட்டு."

அவள் போனைக் கிட்டே கொண்டுபோனாள். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ட்யூபின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.