மேசை மேல் ஒரு துண்டு நிலக்கரி

என் மேசையில் உள்ளங்கை அளவு நிலக்கரித் துண்டு ஒன்று கிடக்கிறது. அதன் ஒரு பக்கம் ஒட்டியிருக்கும் களிப்பாறையைச் சாய்த்துப் பார்த்தால் பெரணி இலை ஒன்றின் தடம் தெரியும். நடு நரம்பும் பிரியும் சிற்றிலைகளும் அப்படியே இருக்கின்றன. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு சதுப்பில் விழுந்து, மட்காமல் புதைந்து இறுகிய காடு இது.

எரித்தால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். தீர்ந்துவிடும் என்பதும் சரியில்லை. அதிலுள்ள ஒவ்வொரு கிலோ கார்பனும் ஆக்சிஜனோடு சேர்ந்து சுமார் 3.7 கிலோ கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் கலக்கிறது. எடுத்ததைவிடக் கனமானதை மேலே அனுப்புகிறோம். நினைத்தாலே மனசு பதறுகிறது.

நிலக்கரி போலன்றி, எடுத்தாலும் தானாக மீண்டும் நிறைவதைக் குறிக்கும் 'புதுப்பிக்கத்தக்கது' என்ற சொல் எனக்கு நிம்மதி தந்த காலம் உண்டு. அப்புறம் நியூஃபவுண்ட்லாந்துக் கடலின் காட் மீனைப் பற்றிப் படித்தேன். முட்டையிட்டுத் தானாகப் பெருகும் மீன்தான். ஆனால் பெருகும் வேகத்தை மிஞ்சி அள்ளிக்கொண்டே இருந்தார்கள். 1992-ல் கனடா அந்த மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று; பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள். 30 ஆண்டுகள் கடந்தும் அந்த மீன்வளம் பழையபடி திரும்பவில்லை. நிலத்தடி நீரும் அப்படித்தான்: சகாராவுக்கு அடியில் இருப்பது பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை.

வெயிலும் காற்றும் மட்டும் நாம் எடுப்பதால் குறைவதில்லை. ஆனாலும் வெயிலைப் பிடிக்கும் சூரியத் தகட்டுக்கு வெள்ளியும் செம்பும் வேண்டும். அவை சுரங்கத்திலிருந்துதான் வருகின்றன. அதனால் பழைய தகடுகளிலிருந்து அவற்றை மீட்கும் வேலையைப் பற்றித்தான் இப்போது தேடித் தேடிப் படிக்கிறேன்.