கச்சான் காற்றும் ஜாஸ் பாக்ஸ் செட்டும்

ஒரு கலைஞரின் ஜாஸ் பதிவுகளைத் தட்டுகளும் புத்தகமுமாக ஒரே பெட்டியில் அடக்கித் தருவது பாக்ஸ் செட். அதை வாங்குகிறவர்கள் தட்டில் கீறல் விழுமோ, தட்டு வளைந்துவிடுமோ என்றுதான் பயப்படுகிறார்கள். நம் குமரி மாவட்டத்தில் முதலில் கெடுவது தாள். வினைலைப் பூசணம் தின்பதில்லை. அட்டை, பசை, பெட்டியின் முதுகு, உள்ளே இருக்கும் புத்தகம், இவற்றைத்தான் தின்கிறது. ஆனி ஆடிச் சாரலும் ஐப்பசி கார்த்திகை மழையும் ஆக இரண்டு பருவமழையும் விழுகிற நாடு இது. முட்டம், குளச்சல் பக்கம் வீடு என்றால் கச்சான் காற்று கொண்டுவரும் உப்பும் சேர்ந்துகொள்ளும். உப்புத் தூசி காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டதும் தானே நீர் கோத்துக் கரைந்துவிடும். பெட்டி மூடியின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு ஈரப்படலம் நிற்பதற்கு அதுதான் காரணம்.

அந்தப் புத்தகம் கெட்டுப்போனால் பாக்ஸ் செட்டில் பாதி போயிற்று. பாட்டை மட்டும் கேட்பதற்கு ஃபோனே போதும். யார் யார் வாசித்தார்கள், எந்தத் தேதியில், எத்தனையாவது டேக் (ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பதிந்ததில் எத்தனையாவது தடவை), எந்த ஒலிநாடாவிலிருந்து எடுத்தது என்பதெல்லாம் புத்தகத்தில்தான் இருக்கிறது. இதை ஒரு முறையாகவே ஆக்கியது மொசைக் என்ற இசைத்தட்டு நிறுவனம். 1983ல் மைக்கேல் குஸ்குனாவும் சார்லி லூரியும் தொடங்கியது. முதல் வெளியீடு, பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் புளூ நோட் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகச் செய்த பதிவுகள் முழுவதும், நான்கு எல்.பி. தட்டுகள். பிறருடைய பதிவுகளுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு உரிமை வாங்கி, எண் போட்டு, அளவான பிரதிகளே போடுவார்கள். தீர்ந்தால் தீர்ந்ததுதான். புத்தகம் மட்டும் பூசணம் பூத்துப்போனால் தனியாக வாங்க வழியில்லை.

புத்தகத்தை மடியில் வைத்துக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 1961 வில்லேஜ் வேன்கார்டு பதிவுகள் நல்ல உதாரணம். அந்த நவம்பரில் நியூயார்க்கின் அந்தச் சிறிய நிலவறை கிளப்பில் பதிவானவை 1997ல் நான்கு சி.டி.யாக முழுமையாக வந்தன. ‘இந்தியா’ என்ற உருப்படி மட்டும் நான்கு முறை இருக்கிறது. ஒரே வித்வான் அடுத்தடுத்த கச்சேரிகளில் அதே ராகத்தை எடுப்பதைக் கேட்பது நமக்குப் புதிதல்ல. இதையும் அப்படித்தான் கேட்க வேண்டும். எந்த இரவில் யார் கூட இருந்தார்கள், அடியில் ஓடும் சுருதியை யார் பிடித்தார்கள் என்று பக்கத்தைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். நான்கும் நான்கு வேறு இசை என்று காது ஒத்துக்கொள்ளும்.

பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு அதே கிளப்பில் 1961 ஜூன் 25 அன்று வாசித்த முழுத் தொகுப்பில் முதல் உருப்படியின் நடுவே ஒலி அறுந்து திரும்ப வருகிறது. தட்டில் பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அன்று மின்சாரம் ஒரு கணம் போனது. அதை வெட்டாமல் வைத்திருக்கிறார்கள். பாஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ பதினோரு நாள் கழித்துக் கார் விபத்தில் இறந்தார். அது தெரிந்தபின் அந்த நாளின் ஒரு நொடியைக்கூட வெட்ட மனம் வராது.

ஒரே அமர்வில் கேட்பதில் ஒரு சிக்கலும் உண்டு. பதிவான வரிசையில் அடுக்கிய தொகுப்பில் ஒரே பாட்டின் மூன்று நான்கு டேக்குகள் அடுத்தடுத்து வரும். ஒரே மூச்சில் கேட்டால் அலுத்துவிடும். ஒரு நாளுக்கு ஒரு தட்டின் ஒரு பக்கம் போதும். பழைய ஆல்பத்தின் பாட்டு வரிசையை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டால், வேண்டும்போது அந்த வரிசையிலும் கேட்கலாம்.

இனி வாங்கும்போது பார்க்க வேண்டியது. மறுவெளியீட்டின் தரத்தைத் தீர்மானிப்பது எந்த நாடாவிலிருந்து, யார் வெட்டினார் (அதாவது மூலத் தட்டில் ஒலிப் பள்ளத்தைப் போட்டவர் யார்) என்ற இரண்டு செய்திகள். 180 கிராம் என்று பெரிதாக ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். கனமான தட்டு தட்டையாக இருக்கக் கொஞ்சம் உதவும், ஒலியைக் கூட்டாது. புளூ நோட்டின் டோன் போயட் வரிசை 2019ல் தொடங்கியது. அதில் கெவின் கிரே மூல நாடாவிலிருந்து நேராக வெட்டுகிறார் என்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள். தட்டில் பள்ளம் முடிந்து லேபிளுக்கு முன் வெறுமையாக ஒரு வளையம் இருக்கும். தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் அங்கே வெட்டியவரின் முதலெழுத்துகள் தெரியும். கெவின் கிரே என்றால் கே.பி.ஜி. பழைய புளூ நோட் தட்டுகளில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் தானே வெட்டியவற்றில் ஆர்.வி.ஜி. அல்லது வான் கெல்டர் என்ற முத்திரை இருக்கும். பழைய தட்டு விற்பவரிடம் உறைப் படத்தைவிட இந்த வளையத்தின் படத்தைக் கேளுங்கள்.

நாடா விஷயம் எவ்வளவு முக்கியம் என்பதை ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’விலேயே காதால் சோதிக்கலாம். முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் 1959 மார்ச் 2 அன்று பதிவானவை. அன்று முதன்மைப் பதிவுக் கருவி சற்று மெதுவாக ஓடியது. அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிக் கேட்கும். பல பத்தாண்டுகள் அப்படியே வெளியிட்டார்கள். கூடவே ஓடிய காப்பு நாடா சரியான வேகத்தில் இருந்தது, அதை வைத்து 1992ல்தான் திருத்தினார்கள். அந்தப் பக்கத்தின் முதல் உருப்படி ‘சோ வாட்’ டி சுருதியில் டோரியன், அதாவது நம் கணக்கில் இரண்டு கட்டையில் கரகரப்பிரியா. 32 தாள அளவில் முதல் 16ம் கடைசி 8ம் இரண்டு கட்டை, நடுவில் வரும் 8 மட்டும் இரண்டரைக் கட்டைக்கு ஏறும். மின் சுருதிப் பெட்டியை இரண்டு கட்டையில் வைத்து உருப்படியை ஓட விடுங்கள். திருத்திய பதிப்பு என்றால் பாஸ் சுருதியில் வந்து உட்காரும். பழைய நாடா என்றால் எங்கும் சேராமல் மேலே நிற்கும்.

இந்தச் சோதனைக்கு முன் டர்ன்டேபிளின் வேகம் சரியாக இருக்க வேண்டும். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு, நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தைச் சோதிக்க, டர்ன்டேபிளின் மேல் வைத்துச் சுழலவிடும் 180 கோடுகள் உள்ள ஸ்ட்ரோப் தாள் தேவை. பழைய சோக் வைத்த டியூப்லைட்டின் கீழ் பாருங்கள். கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி. எல்.இ.டி. பல்பில் பெரும்பாலும் வேலை செய்யாது. அதன் ஒளி அந்த அளவுக்குத் துடிக்காது.

நாலு சி.டி.யில் எட்டு ஆல்பம் என்று மலிவாக வரும் தொகுப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் பதிப்புரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். ஐரோப்பாவில் 1963க்கு முன் வெளியானவற்றுக்கு உரிமை முடிந்துவிட்டது. ஆகவே இவை அங்கே சட்டத்துக்கு உட்பட்டவையே. ஆனால் உரிமை முடிவதும் மூல நாடா கைக்கு வருவதும் ஒன்றல்ல. நாடா பெட்டகத்தில் இருக்கிறது, தொகுப்பாளர்களிடம் இருப்பது பழைய சி.டி.யோ எல்.பி.யோதான். இரைச்சலைக் குறைக்கிறேன் என்று டிரம்ஸில் உள்ள சிம்பல் தட்டின் ஒலி நுனியையும் சேர்த்துச் சீவிவிடுவார்கள். ஒரு கலைஞரை முதல்முறை அறிந்துகொள்ள இவை பரவாயில்லை. சேகரிக்க வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரி தபால் செலவையும் கூட்டிய தொகையின் மேல் விழும். பத்து எல்.பி. பெட்டி நான்கைந்து கிலோ இருக்கும், தபால் செலவே பெரிது. லீவில் ஊருக்கு வரும் உறவினர் இருந்தால் அவர் முகவரிக்கு அனுப்பச் சொல்லிக் கையோடு எடுத்துவரச் சொல்வது நல்லது. எல்.பி. பெட்டி விமானத்தில் கையோடு வைத்துக்கொள்ளும் பெட்டியில் படுக்கையாக அடங்கும். செக்-இன் லக்கேஜில் போட வேண்டாம். ஒற்றைத் தட்டுகளைப் பார்சலில் வாங்கினால், தட்டை உறைக்கு வெளியே எடுத்து வைத்து அனுப்பச் சொல்லுங்கள். வழியில் பார்சல் விழும்போது தட்டின் விளிம்பு கத்தி மாதிரி உறையின் தையலைக் கிழித்துவிடும். வந்த பார்சலை ஒரு நாள் வீட்டுக்குள் படுக்கையாக வைத்துவிட்டுத் திறங்கள். திறந்ததும் தட்டைச் சுழலவிட்டு டோன்ஆர்மை (ஊசி பொருத்திய கையை) பக்கவாட்டில் கவனியுங்கள். அது இடம் வலமாக ஆடினால் நடுத்துளை மையம் தவறிக் குத்தப்பட்டிருக்கிறது. நீண்டு நிற்கும் பியானோ ஸ்வரம் அலையும். இதற்கு வீட்டில் வைத்தியம் கிடையாது, திருப்பி அனுப்புவதுதான் வழி.

சுருக்குப் பிளாஸ்டிக்கை முழுவதும் உரித்துவிட வேண்டும். நாள் ஆக ஆக அது இறுகி அட்டையை வளைக்கும், ஈரத்தையும் உள்ளேயே பிடித்து வைக்கும். உள் உறை பி.வி.சி. என்றால் மாற்றுங்கள். அதிலிருந்து வரும் ஆவி தட்டின் மேல் பால் படிந்தாற்போல் ஒரு மங்கலைப் போடும், கழுவினாலும் போகாது. மெல்லிய பாலிஎத்திலீன் உறை நல்லது. எண்பதுகள், தொண்ணூறுகளின் தடித்த சி.டி. பெட்டிகளில் தட்டை அழுத்திப் பிடிக்க ஒரு ஸ்பாஞ்ச் துண்டு இருக்கும். இன்றே எடுத்து வெளியே போடுங்கள். நம் ஈரத்தில் அது உதிர்ந்து பிசினாகி லேபிள் பக்கம் ஒட்டும். சி.டி.யில் உலோகப் படலம் லேபிளுக்கு நேர் கீழேதான் இருக்கிறது. சுரண்டினால் அதுவும் கூடவே வந்துவிடும்.

அலமாரியை மேற்குச் சுவரில் ஒட்டிப் போடாதீர்கள், சாரல் அடிக்கும் சுவர் அது. சுவருக்கும் பலகைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி வேண்டும். உறையோடு நூறு எல்.பி. 25 கிலோவுக்கு மேல் இருக்கும், பலகை அதைத் தாங்க வேண்டும். பாதி காலியான பெட்டியில் தட்டுகள் சாய்ந்து நின்றே வளைந்துவிடும். காலி இடத்துக்கு அளவாக ஒரு அட்டையை வெட்டிச் செருகுங்கள். பூச்சிக்குப் பயந்து பாச்சை உருண்டை போடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதன் ஆவி சி.டி. பெட்டியின் பாலிஸ்டைரீனை இளக்கும். அலமாரியைச் சுத்தமாக வைத்து ஈரத்தைக் குறைத்தாலே ராமபாணப் பூச்சி தங்காது.

ஈரமானியை அறையில் மாட்டுவதைவிட அலமாரிக்குள் வைப்பதுதான் சரி. 65 சதவீதத்தைத் தாண்டி நாலைந்து நாள் நின்றால் பூசணம் துளிர்க்கும். 45லிருந்து 55க்குள் இருக்கட்டும். ஏ.சி. இருந்தால் மழைக்காலத்தில் டிரை மோடில் தினம் இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிடுங்கள். இல்லையென்றால் ரப்பர் விளிம்பு வைத்த 50 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் ஆரஞ்சு நிறச் சிலிகா ஜெல் 300 கிராம் போட்டு, விலை மதிப்பானவற்றை அதற்குள் வையுங்கள். கடலோர வீடு என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை டர்ன்டேபிளையும் ஆம்பிளிஃபயரையும் இணைக்கும் ஆர்.சி.ஏ. முனைகளைக் கழற்றி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துத் திரும்பச் செருகுங்கள். பச்சை பிடித்தால் ஒரு பக்கச் சத்தம் விட்டுவிட்டு வரும். அதைக் கேட்டுவிட்டு ஊசி போயிற்று என்று புதிது வாங்குகிறவர்கள் பலர்.

தட்டில் பூசணப் புள்ளி தெரிந்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், உலர்ந்த மென்மையான பிரஷால் முதலில் தட்டுங்கள். அந்த உள் உறையைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். காய்ச்சி வடித்த நீர் மூன்று பங்கு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, லிட்டருக்கு இரண்டு மூன்று சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். லேபிளில் படாமல், பள்ளத்தின் வட்டப் போக்கிலேயே துடைத்து, கடைசியில் வடித்த நீரால் மட்டும் அலசி நிமிர்த்திக் காய வையுங்கள். அரக்கால் ஆன 78 சுற்றுத் தட்டுக்கு ஆல்கஹால் காட்டவே கூடாது, கரைந்துவிடும்.

புத்தகம் நனைந்தால் அவசரம் அதிகம். இந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் பளபளப்பான ஆர்ட் பேப்பர். அதன் மேல் பூச்சு ஈரத்தில் பசையாகி, மூடியபடி காய்ந்தால் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும். பிரித்தால் படம் எதிர்ப்பக்கத்தோடு போகும். ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு பக்கமாகத் திறந்து நடுவே பட்டர் பேப்பர் வைத்து, ஃபேன் காற்று நேராகப் படாத இடத்தில் உலர்த்துங்கள். உடனே முடியாது என்றால் ஜிப் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம். வசதிப்படும் நாளில் எடுத்துப் பக்கம் பக்கமாகப் பிரிக்கலாம்.

நனையாத புத்தகத்துக்கும் இப்படித் திறந்து ஆறவிடுவது தேவைப்படும். கும்பப்பூ அறுப்பு நடக்கும் மாசி மாதம் வருடத்தில் காற்று நன்றாக உலர்ந்திருக்கும் காலம். வெயில் நேராகப் படாத அறையில் பெட்டிகளைத் திறந்து ஒரு பகல் முழுக்க ஆற விடுங்கள். புத்தகத்தின் எல்லாப் பக்கத்தையும் ஒருமுறை புரட்டி, முழுப்பக்கப் படங்களுக்கு நடுவே பட்டர் பேப்பரைச் செருகுங்கள். அன்றே சிலிகா ஜெல்லையும் ஸ்டீல் தட்டில் பரப்பி 110 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் வைத்து, மணிகள் மறுபடி ஆரஞ்சு நிறத்துக்கு வந்தபின் சூடு ஆறியதும் பெட்டியில் போட்டு மூடுங்கள். ஆனி பிறப்பதற்கு முன் இன்னொரு முறை.